பூட்டிக் கிடந்த கார்டும் செல்லாத பவுண்டும்: தக்கலைத் தம்பதியின் பயணப் பணம் – ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாடு கிளம்புகிறவர்கள் பணத்தைப் பற்றி முதலில் கேட்பது ரேட்டைத்தான். "பவுண்டு இன்னைக்கு எவ்வளவு?", "ரியால் இப்ப மாத்தலாமா, இன்னும் ஒரு வாரம் பாக்கலாமா?" நியாயமான கேள்விகள்தான். ஆனால் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. ரேட்டில் போவது சில ஆயிரம் ரூபாய். கணக்கில் பணம் இருந்தும், தேவைப்படும் நேரத்தில் அதை எடுக்க முடியாமல் போவதுதான் ஆளை நடுத்தெருவில் நிறுத்துகிறது. கீழே வரும் நிகழ்வை எழுதக் காரணம் அதுதான். சம்பந்தப்பட்டவர்கள் எழுதச் சம்மதித்தார்கள். பெயர் வேண்டாம் என்றார்கள்.

தக்கலைக்குப் பக்கத்து ஊர். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அவர் மனைவி. மகள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் நர்ஸ். குமரி மாவட்டத்தில் இது அபூர்வமான குடும்பக் கதை ஒன்றும் இல்லை. வளைகுடாவிலோ, இங்கிலாந்திலோ, அயர்லாந்திலோ ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு. பேரப்பிள்ளையைப் பார்க்க இருவரும் கிளம்பினார்கள். மாவட்டத்தில் விமான நிலையம் இல்லாததால், எல்லோரையும் போலக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம், அங்கிருந்து தோகா வழியாக லண்டன்.

பணத்துக்கு அவர்கள் செய்த ஏற்பாடு இதுதான். வீட்டு பீரோவில், நிலப் பத்திரங்களுக்கு நடுவே ஒரு கவரில் 240 பவுண்டு இருந்தது. லண்டனில் இருக்கும் உறவினர் ஒருவர் பல வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது அன்பளிப்பாகக் கொடுத்தது. பன்னிரண்டு இருபது பவுண்டு நோட்டுகள். அதோடு, விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ள 40,000 ரூபாய். கார்டு இரண்டு: பென்ஷன் கணக்கின் உள்நாட்டு ரூபே கார்டு ஒன்று, வேறொரு வங்கியின் விசா டெபிட் கார்டு ஒன்று. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், வெளிநாட்டு நாணயத்தை முன்கூட்டியே ஏற்றி எடுத்துப் போகும் ஃபாரெக்ஸ் கார்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார். "அதுக்கு வேற காசு கேப்பாங்க" என்று ஐயா விட்டுவிட்டார்.

லண்டனில் நின்றுபோன மதியம்

முதல் சில வாரம் மகள் வீட்டில் செலவே இல்லை. சிக்கல் வந்தது இருவரும் தனியாக லண்டன் போன நாளில். அந்த உறவினர் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் இருக்கிறார். நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் இடம். மகளுக்கு டூட்டி. பர்மிங்ஹாமிலிருந்து லண்டன் விக்டோரியா வரை கோச் டிக்கெட்டை அவளே ஆன்லைனில் எடுத்து, ஏற்றிவிட்டாள்.

விக்டோரியாவில் இறங்கியதும் ஐயா தெருவுக்கு வந்து ஒரு சிவப்புப் பேருந்தில் ஏறி, கவரிலிருந்து ஒரு நோட்டை நீட்டினார். ஓட்டுநர் தலையை ஆட்டினார். லண்டன் பேருந்துகளில் 2014 ஜூலையிலிருந்து ரொக்கம் வாங்குவதே இல்லை. அடுத்து விசா கார்டைக் கருவியில் வைத்தார், சிவப்பு விளக்கு. ரூபே கார்டு, அதற்கும் சிவப்பு விளக்கு. பின்னால் வரிசை நின்றது. இருவரும் இறங்கிவிட்டார்கள்.

பக்கத்துக் கடையில் தண்ணீர் வாங்கி நோட்டை மாற்றலாம் என்று போனார்கள். கடைக்காரப் பெண் நோட்டை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அது ஆடம் ஸ்மித் படம் போட்ட காகித நோட்டு. இங்கிலாந்தின் மத்திய வங்கி 2020 பிப்ரவரியில் ஓவியர் டர்னர் படம் போட்ட பாலிமர் நோட்டை வெளியிட்டது. 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு காகித 20 பவுண்டும் 50 பவுண்டும் கடையில் செல்லாது. பத்து பவுண்டு காகித நோட்டு 2018 மார்ச்சிலேயே போய்விட்டது. கவரில் இருந்த பன்னிரண்டும் காகிதம். விமான நிலையத்தில் வாங்கிய நல்ல நோட்டுகளை "பழசு முதல்ல தீரட்டும்" என்று ஐயா மகள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

மகளைக் கூப்பிட்டார்கள். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் திறக்க வேண்டும் என்று அவள் உடனே புரிந்துகொண்டாள். ஆப் திறக்கவில்லை. ஐயாவின் போனில் இருந்தது இங்கிலாந்து சிம். வங்கி ஆப், பதிவு செய்த சிம் போனுக்குள் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடும். ஊர் சிம்மோ பர்மிங்ஹாமில், மாத்திரை டப்பாவுக்குள். அது போனில் இருந்திருந்தாலும் ரோமிங் இல்லை, ஓடிபி வந்திருக்காது.

கரை சேர்த்தது அம்மா. புறப்படும்போது மகள் கைச்செலவுக்கு என்று திணித்த இரண்டு புது இருபது பவுண்டு நோட்டு அவர் கைப்பையில் இருந்தது. சுரங்க ரயில் நிலையத்துக்குள் இறங்கினார்கள். அங்கே இருந்த இயந்திரம் ரொக்கம் வாங்கியது. ஆளுக்கொரு ஆய்ஸ்டர் கார்டு (லண்டன் ரயிலுக்கும் பேருந்துக்கும் பணம் ஏற்றித் தட்டும் பயண அட்டை) எடுத்து, பச்சைக் கோடு போட்ட டிஸ்ட்ரிக்ட் ரயிலில் மாறாமல் ஈஸ்ட் ஹாம் போய்ச் சேர்ந்தார்கள். உறவினர் வீட்டுக்குப் போன பிறகுதான் அம்மா அழுதிருக்கிறார். வங்கிக் கணக்கில் லட்சக்கணக்கில் பணம் வைத்திருந்த இருவர் நாற்பது பவுண்டின் தயவில் இருந்த மதியம் அது.

எது பூட்டியது

இரண்டு கார்டும் செத்ததற்குக் காரணம் ஒன்றல்ல. உள்நாட்டு ரூபே கார்டு அங்கே வேலை செய்யவே செய்யாது. வெளிநாட்டுக்கென்று தனியாக வரும் ரூபே கார்டுகள் உண்டு. அவை டிஸ்கவர், டைனர்ஸ் போன்ற வலைப்பின்னல் வழியாகச் செல்லும். பென்ஷன் கணக்கோடு வரும் சாதாரணக் கார்டு அந்த வகை கிடையாது. கார்டின் முகத்தைப் பார்த்தாலே தெரியும். நம் ஊர் அப்பா அம்மாக்களில் பலரிடம் இருப்பது இது ஒன்றுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

விசா கார்டின் கதை வேறு. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் போட்ட உத்தரவின்படி, புதிதாகத் தரும் கார்டு இந்தியாவுக்குள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிச் செலுத்தும் வசதி ஆகிய ஒவ்வொன்றையும் நாமே திறக்க வேண்டும். நல்ல பாதுகாப்பு ஏற்பாடு. ஆனால் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிட்டுத் தட்டிச் செலுத்துவதைத் திறக்காவிட்டால் லண்டன் பேருந்தில் அதே சிவப்பு விளக்குதான். ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற உச்சவரம்பும் அந்த இடத்திலேயே இருக்கிறது. அது பூஜ்யத்தில் கிடந்தால் மற்றவற்றைத் திறந்தும் பயனில்லை.

இதற்கெல்லாம் சாவி ஊர் சிம். அதைக் கழற்றி வைத்தால் கார்டைத் திறக்க முடியாது, உச்சவரம்பை மாற்ற முடியாது, கார்டு தொலைந்தால் ஆப்பில் பூட்டவும் முடியாது. இன்னொரு இழப்பும் உண்டு. அதை யாரும் நினைப்பதில்லை. நம் கணக்கில் யாரோ கைவைத்தால், அதில் நம் தவறோ வங்கியின் தவறோ இல்லாத பட்சத்தில், வங்கியிடமிருந்து தகவல் கிடைத்த மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நமக்கு நஷ்டமில்லை என்பது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சொன்ன விதி. குறுஞ்செய்தி வந்து விழும் சிம்மே மாத்திரை டப்பாவில் கிடந்தால், அந்த மூன்று நாளும் நமக்குத் தெரியாமலே கழியும்.

ஐயாவின் சிம்முக்குத் தக்கலையில் இருந்த தம்பி மகன் ரோமிங் பேக் போட்டுவிட்டான். பிரீபெய்டு எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் ரீசார்ஜ் செய்யலாமே. பர்மிங்ஹாம் திரும்பியதும் சிம்மைப் போனில் போட்டார்கள், ஆப் திறந்தது, கார்டு உயிர் பெற்றது. ஊரிலேயே செய்திருந்தால் பத்து நிமிட வேலை. இன்றைய போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் இடம் இருக்கிறது. ஊர் சிம்மை வெளியே எடுக்க அவசியமே இல்லை. ரோமிங்கைத் திறந்து வைத்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டுக் குறுஞ்செய்திக்காக வைத்துக்கொண்டால் போதும்.

திரையில் வந்த ரூபாய்

கார்டு திறந்த பிறகு வேறொரு விதமாகப் பணம் போயிற்று. இதை ஐயா உணரவே இல்லை. ஊருக்கு வந்து ரசீதுக் கட்டை என் மேசையில் வைத்தபோதுதான் தெரிந்தது.

ஏடிஎம்மில் 200 பவுண்டு எடுத்த சீட்டு ஒன்று. மேலே பவுண்டுத் தொகை, அதன் கீழே ரூபாயில் ஒரு தொகை, இரண்டுக்கும் நடுவே மாற்று விலை, அடியில் பொடி எழுத்தில் 'வாடிக்கையாளர் தம் நாட்டு நாணயத்தில் செலுத்தச் சம்மதித்தார்' என்ற பொருளில் ஒரு வரி. ஏடிஎம் திரை அவரிடம் கேட்டிருக்கிறது: மாற்றத்தை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா? "மறுத்தா பணம் வராதுன்னு நெனச்சேன் சார். அதும் இல்லாம நமக்க ரூபாயில காட்டுனா கணக்கு தெளிவா இருக்குல்லா" என்றார். இந்த இடத்தில் பலரும் தடுமாறுகிறார்கள். மறுத்தாலும் பணம் வரும். அந்த ஏடிஎம்காரர் போடும் மாற்று விலையைத்தான் மறுக்கிறோம். அதன்பின் விசாவின் விலையில் நம் வங்கி கணக்குப் பார்க்கும்.

கணக்கை விரித்தே காட்டுகிறேன். பவுண்டின் சந்தை விலை 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 200 பவுண்டுக்கு 23,000 ரூபாய். பவுண்டிலேயே எடுத்திருந்தால், பல வங்கிகள் போடும் 3.5 சதவீத மார்க்அப் (மாற்று விலைக்கு மேல் வங்கி வைக்கும் கூடுதல்), அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 23,950 ரூபாய் ஆகும். ரூபாயில் எடுத்ததால் ஏடிஎம்காரர் 123 ரூபாய் போட்டால் 24,600. அதோடு முடியவில்லை. வெளிநாட்டில் ரூபாயாக நடந்த பரிவர்த்தனைக்கும் நம் ஊர் வங்கிகள் பல 1 சதவீதமும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. அது 290 ரூபாய். ஆக 24,890. ஒரு தடவை பொத்தானை மாற்றித் தட்டியதற்கு விலை 940 ரூபாய். ஏடிஎம்மில் எடுப்பதற்கென்று நம் வங்கி தனியாகப் பிடிக்கும் கட்டணம் எப்படி எடுத்தாலும் உண்டு, அதனால்தான் ஐம்பது ஐம்பதாக அல்லாமல் ஒரே தடவையாக எடுப்பது நல்லது.

கடைகளிலும் இதே கேள்வி வரும். மெஷினை நம் கையில் தராமல் விற்பனையாளரே ரூபாயைத் தட்டிவிடுவதும் உண்டு. பேரப்பிள்ளைக்கு உடுப்பு வாங்கிய சீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. சீட்டில் ரூபாய் தெரிந்தால் அங்கேயே நின்று, ரத்து செய்து பவுண்டில் போடச் சொல்லலாம். கேட்டால் செய்து தருவார்கள். எந்த நாடானாலும் இதே முறைதான்: நிற்கிற நாட்டின் நாணயத்தில் செலுத்து.

நோட்டு மாற்றிய இடம்

விமான நிலையக் கவுன்டரில் 40,000 ரூபாய்க்கு ஐயாவுக்குக் கிடைத்தது 320 பவுண்டு. பவுண்டு 125 ரூபாய் என்று ஆகிறது. பயணத்துக்கு நான்கைந்து நாள் முன்பு நாகர்கோவிலிலேயே, ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற மாற்றுக் கடையிலோ வங்கியிலோ 117, 118 ரூபாய் அளவில் கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் இருபது பவுண்டு கூட வந்திருக்கும். கேட்டு வாங்குவது என்கிறேன். இரண்டு மூன்று இடத்தில் போனில் விசாரித்துவிட்டுப் போனால் பைசா இறங்கும். ஜிஎஸ்டி பெரிய விஷயமில்லை: ஒரு லட்சம் வரையிலான தொகைக்கு அதில் ஒரு சதவீதத்தின்மேல் 18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். ஐயாவுக்கு 72 ரூபாய் வந்தது. விழுங்குவது ரேட்டுக்குள் மறைந்திருக்கும் லாபம். விற்கும் விலையோடு வாங்கும் விலையையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டுக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் அந்தக் கடையை விட்டு நகரலாம்.

இங்கே எனக்கு ஒரு கவலை உண்டு, சொல்லியே ஆக வேண்டும். விடுமுறைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் திர்ஹாமோ பவுண்டோ நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வது மார்த்தாண்டம், கருங்கல் பக்கமெல்லாம் சகஜமாக நடக்கிறது. உறவுக்குள்தானே என்று தோன்றும். ஃபெமா என்னும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, அங்கீகாரம் பெற்றவர் வழியாக அன்றி அந்நிய நாணயம் வாங்க விற்க இடம் தருவதில்லை. வெளிநாட்டில் குடியிருப்பவர் ஊருக்கு வரும்போது அன்பளிப்பாகத் தந்தது, ஐயாவின் கவரைப் போல, வேறு கணக்கு. அப்படிக் கிடைத்ததை 2,000 டாலர் மதிப்பு வரை வைத்திருக்கலாம். விலைக்கு வாங்கினால் சீட்டு இருக்காது, நோட்டு கள்ளமா பழசா என்று தெரியாது, கேள்வி வந்தால் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. உரிமம் உள்ள இடத்தில் பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு கேட்பார்கள். சலிப்பாக இருக்கும், ஆனால் அச்சிட்ட சீட்டு கிடைக்கும். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். நோட்டாக எடுத்துப் போக, பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்பு வரைதான் வாங்க முடியும்.

பெரும்பாலான நாடுகள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தூத்தூர், சின்னத்துறை, குளச்சல் பக்கத்திலிருந்து மீன்பிடி வேலைக்கு ஈரான் போகிறவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. முழுவதையும் நோட்டாகவே எடுக்கலாம். விசா, மாஸ்டர்கார்டு எதுவும் அங்கே ஓடாது என்பதால் அது தேவையும்கூட. 2020-இல் ஊரடங்கில் ஈரானில் சிக்கிய நம் மீனவர்களைக் கடற்படைக் கப்பல் ஜலாஷ்வா, பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து ஏற்றி ஜூலை 1 அன்று தூத்துக்குடியில் இறக்கியது. அப்படிப்பட்ட நாட்டில் கையில் உள்ள நோட்டு தீர்ந்தால் தட்டுவதற்கு ஏடிஎம் கதவு கிடையாது. பர்மிங்ஹாமுக்குப் போடும் திட்டம் வேறு, பந்தர் அப்பாஸுக்குப் போடும் திட்டம் வேறு. போகும் நாட்டில் எது ஓடும் என்று அங்கே இருக்கிற ஒருவரிடம் கேட்காமல் பணத்தைப் பிரிக்கக் கூடாது.

அடுத்த முறைக்குப் போட்ட திட்டம்

மகள் மறுபடியும் கூப்பிட்டிருக்கிறாள். ஐயாவும் நானும் உட்கார்ந்து போட்டது இது.

பெரும்பகுதி பவுண்டு ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில். ஏற்றும் அன்றைய விலை பூட்டப்படும். பவுண்டில் செலவழித்தால் மார்க்அப் கிடையாது. கார்டுக் கட்டணமாகச் சில நூறு ரூபாய் ஆகும். முதல் தடவை அவர் மிச்சம் பிடித்தது அதைத்தான். தோகாவில் காபி குடிக்க மட்டும் அதை நீட்டக் கூடாது. பவுண்டு கார்டில் ரியால் செலவழித்தால் மாற்றுக் கட்டணம் விழும். ஒரே கார்டில் பல நாணயம் ஏற்றும் வகையும் இருக்கிறது, இரண்டு நாள் இடைத்தங்கலுக்கு அது வேண்டியதில்லை. விசா டெபிட் கார்டு இரண்டாவது துணை. வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்துதல், உச்சவரம்பு மூன்றும் ஊரிலேயே திறந்து பார்த்தாகிவிட்டது. ஒரு கார்டு ஐயாவின் சட்டைப்பையில், இன்னொன்று அம்மாவின் கைப்பையில். இரண்டும் ஒரே பர்ஸில் போகக் கூடாது என்பதில் அம்மா உறுதியாக இருக்கிறார். நோட்டாக 150 பவுண்டு, அஞ்சும் பத்துமாக. ரூபே கார்டு பீரோவில் இருக்கட்டும்.

இந்திய ரூபாயும் கொஞ்சம் கையில் வேண்டும். இங்கே குடியிருப்பவர் 25,000 ரூபாய் வரை வெளியே எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவரலாம். போன முறை திரும்பி வந்தபோது கையில் ரூபாயே இல்லாமல், திருவனந்தபுரத்தில் டாக்சிக்காகப் பவுண்டை அதே மாதிரிக் கவுன்டரில் விற்க வேண்டியதாயிற்று. வாங்கும்போதும் விற்கும்போதும் இரண்டு பக்கமும் அடி.

யுபிஐ போதாதா என்று இளைய மருமகன் கேட்டான். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை, மொரிஷியஸ் போன்ற இடங்களில் சில கடைகளில் யுபிஐ ஓடுகிறது. இலங்கையிலும் மொரிஷியஸிலும் 2024 பிப்ரவரியில் தொடங்கியது. கொழும்புக்குப் போனால் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பர்மிங்ஹாம் காய்கறிக் கடைக்கு அதை நம்பிப் போக முடியாது.

வரியைப் பற்றியும் கேட்டார்கள். ஒரு நிதியாண்டில் ஒருவர் வெளிநாட்டுக்கென்று எடுக்கும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் இந்த வகைச் செலவுக்கு டிசிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே சேர்த்து வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் அது 7 லட்சம். டூர் பேக்கேஜுக்குக் கணக்கு வேறு. மகள் வீட்டுப் பயணத்துக்கு இது பொருந்தாது.

மீந்ததைப் பற்றி இரண்டு வார்த்தை. திரும்பி வந்த 180 நாளுக்குள் மீதி அந்நியப் பணத்தை விற்றுவிட வேண்டும். 2,000 டாலர் மதிப்பு வரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். சில்லறைக் காசுகளை நம் ஊர் மாற்றுக் கடைகளில் எடுக்க மாட்டார்கள். அதனால் விமானம் ஏறுமுன் ஹீத்ரோவிலேயே சாக்லேட்டாக மாற்றிவிடுவது உத்தமம். வைத்துக்கொள்ளும் நோட்டை வருஷத்துக்கொரு தடவையாவது எடுத்துப் பார்த்து, அந்த வகை இன்னும் செல்லுகிறதா என்று அந்த நாட்டு மத்திய வங்கியின் தளத்தில் சரிபார்க்க வேண்டும். எலிசபெத் ராணி படம் போட்ட பாலிமர் பவுண்டு இப்போதும் செல்லும். 2024 ஜூனில் சார்லஸ் மன்னர் படம் போட்டது வந்தபோது பலர் பயந்து விற்றார்கள், அவசியமே இருக்கவில்லை.

பீரோக் கவரில் இருந்த 240 பவுண்டு வீணாகவில்லை. காலாவதியான நோட்டுகளை இங்கிலாந்து மத்திய வங்கி எப்போது கொடுத்தாலும் மாற்றித் தரும். அங்குள்ள சில தபால் நிலையங்களும் இரண்டு வருடத்துக்கு 300 பவுண்டு வரை அடையாளச் சான்றோடு வாங்கிக்கொள்கின்றன. மகள் விடுமுறை நாளில் அப்படியொரு தபால் நிலையத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நோட்டையும் கொடுத்து மாற்றினாள். முழுத் தொகையும் கிடைத்தது.